அந்துப்பூச்சியின் நிறத்தை உள்ளபடி எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் இரவில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கு வைத்து அந்துப்பூச்சிகளைப் படமெடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. படம் கூர்மையாக இருக்கும். பூச்சி மட்டும் வேறேதோ நிறத்தில் இருக்கும். பலரும் இதைக் கம்ப்யூட்டரில் சரிசெய்யப் பார்க்கிறார்கள். ஆனால் நிறம் தொலைந்துபோவது பெரும்பாலும் விளக்கடியில். அங்கே தொலைத்ததை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. கீழே உள்ள அளவுகள் 23.6 × 15.7 மி.மீ. ஏபிஎஸ்-சி சென்சாரை (கேமராவுக்குள் படம் பதியும் தகட்டின் ஓர் அளவு) வைத்துச் சொன்னவை.

துணியில் உட்கார்ந்த பூச்சியை எடுத்தால் படம் முழுக்க பச்சையும் நீலமுமாக வருகிறது. ஒயிட் பேலன்ஸை எப்படி மாற்றியும் சரியாகவில்லை. ஏன்?

பூச்சியைக் கூப்பிடும் விளக்கு வேறு, படத்துக்கான விளக்கு வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதுதான் பிழை.

பூச்சியைக் கூப்பிட வைக்கும் மெர்குரி வேப்பர் விளக்கின் ஒளி வெயில்போல எல்லா நிறங்களையும் கொண்டதல்ல. அது 405, 436, 546, 578 நானோமீட்டர் ஆகிய சில கோடுகளில் குவிந்திருக்கும்: ஊதா, நீலம், பச்சை, மஞ்சள். சிவப்பு மிகக் குறைவு. உள்ளே பாஸ்பர் பூசிய பல்பு கொஞ்சம் சிவப்பு தரும். சோக் இல்லாமல் நேரடியாக எரியும் 160 வாட் பல்பில் இருக்கும் டங்ஸ்டன் இழையும் கொஞ்சம் தரும். இரண்டுமே போதாது. அரளி ஹாக் மாத்தின் (டாஃப்னிஸ் நெரியை) இளஞ்சிவப்புப் பட்டை அந்த ஒளியில் சாம்பலாகிவிடும். பழம் உறிஞ்சும் யூடோசிமாவின் ஆரஞ்சுப் பின்னிறகு சேறு பூசியதுபோல ஆகிவிடும்.

ஒயிட் பேலன்ஸ் செய்வது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களையும் ஏதோ ஓர் எண்ணால் பெருக்குவதுதான். சிவப்பொளியே விழாத இடத்தில் பெருக்குவதற்கு ஒன்றுமில்லை, இரைச்சல்தான் பெருகும்.

யூவி எல்ஈடி விளக்கிலும் இதே கதைதான். அதோடு, சலவைத் தூளில் உள்ள வெண்மையூட்டி யூவி பட்டதும் நீலமாக ஒளிர்வதால் துணியே இன்னொரு நீல விளக்காக மாறி, பூச்சியின் அடிப்பக்கத்தையும் ஓரங்களையும் நீலமாக்கும்.

அப்படியானால் என்ன அமைப்பு?

ஃபிளாஷ் மட்டுமே படத்தை உருவாக்க வேண்டும். மேனுவல் மோடில் 1/200 நொடி, எஃப்/11, ஐஎஸ்ஓ 200 வைத்துத் தொடங்குங்கள். முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு அதே அமைப்பில் ஒரு படம் எடுங்கள். அது கறுப்பாக இருக்க வேண்டும். பூச்சியின் உருவம் மங்கலாகத் தெரிந்தாலும் விளக்கொளி உள்ளே வருகிறது என்று பொருள். விளக்கொளி ஃபிளாஷைவிட 5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) குறைவாக இருந்தால் படத்தில் அதன் பங்கு சுமார் 3 சதவீதம், அது பரவாயில்லை. 2 ஸ்டாப் மட்டும் குறைவாக இருந்தால் பங்கு ஐந்தில் ஒன்றாகிவிடும். அப்போது நிழல்கள் ஒரு நிறம், வெளிச்சம் படும் இடங்கள் வேறொரு நிறம் என்று படம் இரண்டுபடும். அதைப் பிறகு பிரித்தெடுக்க வழியில்லை.

கறுப்பாக வரவில்லையென்றால் ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்கி, ஃபிளாஷின் திறனை இரட்டிப்பாக்குங்கள். இல்லையென்றால் ஒரு அட்டையால் விளக்கை மறையுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, துணியை விட்டுத் தள்ளி அருகிலுள்ள மரப்பட்டையிலோ இலையிலோ உட்கார்ந்திருப்பதைத் தேடி எடுப்பது. விளக்கைச் சுற்றி மூன்று நான்கு மீட்டருக்குள் அப்படிப் பல இருக்கும். துணிக்கு வராமலே நின்றுவிடும் பூச்சிகளும் உண்டு.

எந்த லென்ஸ்? எவ்வளவு உருப்பெருக்கம்?

பூச்சியின் அகலத்தைச் சட்டத்தின் அகலத்தோடு ஒப்பிட்டாலே விடை கிடைக்கும். இறகை விரித்தால் 30 மி.மீ. வரும் ஜியோமெட்ரிட் குடும்பப் பூச்சி ஒன்று சட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கை நிரப்ப வேண்டுமானால் சுமார் 0.6 மடங்கு (1 மடங்கு, அதாவது 1:1 என்றால் பூச்சி சென்சாரில் உண்மை அளவிலேயே விழும்). 8 மி.மீ. குட்டிப்பூச்சிக்கு 2 மடங்குக்கு மேல். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அட்லஸ் பூச்சிக்கு (அட்டாகஸ் தப்ரோபானிஸ்) மேக்ரோ லென்ஸே தேவையில்லை. இறகு 20 செ.மீ. அகலம் என்றால் ஒன்பதில் ஒரு பங்கு உருப்பெருக்கம் போதும், 100 மி.மீ. லென்ஸோடு ஒரு மீட்டர் பின்னால் போக வேண்டியிருக்கும்.

90 முதல் 105 மி.மீ. வரையிலான 1:1 மேக்ரோ லென்ஸ் ஒன்று முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். பணம் இல்லையென்றால் கையிலிருக்கும் 55–250 மி.மீ. லென்ஸின் முன்னால் ரெய்னாக்ஸ் டிசிஆர்-250 போன்ற 8 டயாப்டர் குளோசப் லென்ஸை மாட்டுங்கள். லென்ஸை முடிவிலியில் ஃபோகஸ் செய்தால் 125 மி.மீ.யில் 1 மடங்கும், 250 மி.மீ.யில் 2 மடங்கும் கிடைக்கும். பூச்சிக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி சுமார் 12 செ.மீ.

எஃப்/22 வைத்தால் முழுப் பூச்சியும் ஃபோகஸில் வருமே?

வரும், ஆனால் எதுவும் கூர்மையாக இருக்காது. 1:1-இல் லென்ஸில் வைக்கும் எண் இரட்டிப்பாகச் செயல்படும்: எஃப்/22 என்பது எஃப்/44. அந்த நிலையில் சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவி, ஒரு புள்ளி சென்சாரில் சுமார் 60 மைக்ரான் அகலத் திட்டாக விழும். 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சல் 4 மைக்ரானுக்கும் குறைவு.

இது கூர்மையோடு நிற்கும் இழப்பல்ல. அந்துப்பூச்சியின் பழுப்பு நிறம் ஒரே பெயின்ட் அல்ல. கோலப்பொடி கலந்ததுபோல மஞ்சள் செதில், கறுப்புச் செதில், வெள்ளைச் செதில் என்று அடுத்தடுத்து இருப்பது. திட்டு பெரிதானால் அவை ஒன்றோடொன்று குழைந்து ஒரு மங்கிய காவியாகிவிடும்.

பாதி உருப்பெருக்கத்தில் எஃப்/11, 1:1-இல் எஃப்/8, 2 மடங்கில் எஃப்/5.6. கூர்மை ஆழம் முறையே சுமார் 2.6 மி.மீ., 0.6 மி.மீ., 0.17 மி.மீ. இறகைத் தட்டையாக விரித்து உட்காரும் பூச்சிக்கு 2.6 மி.மீ. தாராளம், கேமராவை இறகின் தளத்துக்கு இணையாகப் பிடித்தால். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்க இறகு போய்விடும்.

ஃபிளாஷ் போட்டால் இறகில் வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன. நிறம் வெளிறித் தெரிகிறது.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் கவனமாகப் படிப்பதானால் இதைப் படியுங்கள். செதிலின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளிக்குப் பூச்சியின் நிறம் கிடையாது. அது ஃபிளாஷின் நிறமான வெள்ளை. செதிலுக்குள் போய், நிறமியில் பட்டுத் திரும்பும் ஒளிதான் பூச்சியின் நிறம். சிறிய விளக்கு ஒவ்வொரு செதிலிலும் ஒரு வெள்ளைப் புள்ளியை எரித்துவிடுகிறது. விளக்கைப் பெரிதாக்கினால் அதே தெறிப்பு பரவலாகி, நிறமியின் நிறம் மேலே வரும்.

பெரிதாக்க ஸ்டுடியோ வேண்டாம். டிவி பெட்டியில் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள் போதும். 20 × 25 செ.மீ. வெட்டி, லென்ஸின் மேல் கூரைபோல வளைத்து, முன்விளிம்பு பூச்சியை எட்டிப் பார்க்கும்படி ரப்பர் பேண்டால் மாட்டுங்கள். ஃபிளாஷ் தலைக்கும் தாளுக்கும் 8 முதல் 10 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். ஒட்டி வைத்தால் நடுவில் ஒரு பொட்டு மட்டும் ஒளிரும். தாள் பெரிதாக இருந்தும் பயனில்லை. அப்படி ஒளிர்ந்தால் நடுவில் இன்னொரு துண்டை ஒட்டுங்கள்.

சரியாக இருக்கிறதா என்று பூச்சியின் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணில் ஊசிமுனை வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டிஃப்யூசர் (ஒளியைப் பரப்பும் அந்த ஃபோம் தாள்) வேலை செய்யவில்லை. வளைந்த, மென்மையான ஒரு ஜன்னல் தெரிந்தால் சரி. பழைய ஃபோம் மஞ்சளடித்துவிடும், அதையும் கவனியுங்கள்.

இன்னும் ஒரு படி போக விரும்பினால் ஃபிளாஷில் போலரைசிங் தாள், லென்ஸில் அதற்குக் குறுக்காகத் திருப்பிய போலரைசர். தெறிப்பு ஏறக்குறைய முழுதாக அடங்கும், நிறம் ஆழமாகும். இரண்டரை முதல் மூன்று ஸ்டாப் ஒளி போகும், அதற்குத் தக்க ஃபிளாஷ் வேண்டும். உலோகப் பளபளப்புள்ள பூச்சிகளுக்கு மட்டும் இது கூடாது. காரணம் கீழே.

ஒயிட் பேலன்ஸை எதை வைத்து எடுப்பது? துணி வெள்ளைதானே?

துணி கூடாது, காகிதமும் கூடாது. இரண்டிலும் வெண்மையூட்டி உண்டு. துணியை வெள்ளை என்று கொண்டால் மென்பொருள் அந்த நீலத்தைக் கழிக்கும், பூச்சி மஞ்சளாகும்.

கிரே கார்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குழாய் வேலைக்குப் பயன்படும் வெள்ளை டெஃப்ளான் டேப்பை ஓர் அட்டையில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றுங்கள். டெஃப்ளானில் வெண்மையூட்டி இல்லை, நடுநிலையான வெள்ளை. படத்தில் அது எரிந்து போகாதபடி வெளிச்சத்தைக் குறைத்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அட்டையைப் பூச்சி இருந்த இடத்திலேயே, அதே தூரத்தில், அதே டிஃப்யூசரோடு, அதே ஃபிளாஷ் திறனில் ஒருமுறை எடுங்கள். ஃபிளாஷின் திறனை மாற்றினால் அதன் நிறமும் சிறிது நகரும், டிஃப்யூசர் மாறினாலும் அப்படியே. ஆகவே இரவுக்கு ஒன்று போதாது. அமைப்பு மாறும்போதெல்லாம் ஒன்று.

24 கட்ட வண்ண அட்டை வைத்திருப்பவர்கள் அதை வைத்துத் தங்கள் கேமரா, ஃபிளாஷ், டிஃப்யூசர் மூன்றுக்கும் சேர்த்து ஒரு டிஎன்ஜி புரொஃபைல் (நிறத்தை எப்படித் திருத்துவது என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு) செய்துகொள்ளுங்கள். ஒருமுறை செய்தால் நெடுநாள் வரும்.

பழுப்புப் பூச்சி ஒருமுறை சிவப்பாகவும் ஒருமுறை பச்சையாகவும் வருகிறது.

அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை பழுப்புதான். நிறத்தை உள்ளபடி எடுப்பவரின் திறமை தெரிவதும் பழுப்பில்தான், பளிச்சென்ற பச்சையில் அல்ல. பழுப்பு என்பது இருண்ட ஆரஞ்சு. வெளிச்சம் அரை ஸ்டாப் கூடினால் அது காவியாகும், குறைந்தால் கறுப்பை நோக்கிப் போகும். ஒயிட் பேலன்ஸ் கொஞ்சம் அசைந்தாலும் முதலில் காட்டிக் கொடுப்பது இதுவே. எனவே கிரே கார்டோடு வெளிச்சமும் மாறாமல் இருக்க வேண்டும்: ஃபிளாஷ் மேனுவலில், தூரம் ஒரே அளவில். டிடிஎல் (ஃபிளாஷ் திறனைக் கேமராவே தீர்மானிக்கும் முறை) வைத்தால் வெள்ளைத் துணியைப் பார்த்துக் கேமரா ஏமாந்து பூச்சியை இருட்டடிக்கும். மரப்பட்டையில் அதற்கு நேரெதிர்.

பச்சைப் பூச்சிகள்?

அகதியா போன்ற எமரால்டு வகைகளையும், வெளிர்பச்சை லூனா பூச்சியையும் (ஆக்டியாஸ் செலீனி) உயிரோடு எடுத்துவிடுங்கள். எமரால்டுகளின் பச்சை நிலையற்றது; இறந்தபின், குறிப்பாக ஈரம் பட்டால், மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறிவிடும். பெட்டியில் ஊசி குத்திய பழைய மாதிரியைப் பார்த்து உங்கள் படத்தின் நிறத்தைத் திருத்தாதீர்கள். உங்கள் படம்தான் சரியான ஆவணம். லூனாவுக்கு அபாயம் மிகை வெளிச்சம்: கொஞ்சம் கூடினால் பச்சை போய் வெறும் வெள்ளையாகும். வழக்கத்தைவிட மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள்.

தங்கம்போல, மயில்கழுத்துபோல மின்னும் பூச்சியின் சரியான நிறம் எது?

ஒரே ஒரு சரியான நிறம் அதற்கு இல்லை. அங்கே நிறத்தைத் தருவது நிறமி அல்ல, செதிலின் நுண்ணமைப்பு. ஒளி எந்தக் கோணத்தில் விழுந்து எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறும். மடகாஸ்கரில் பகலில் பறக்கும் கிரிசிரிடியா ரைஃபியஸ் இதன் உச்சம். அதன் செதில்களுக்குள் கைட்டினும் காற்றும் அடுக்கடுக்காக இருக்கின்றன. செதில்கள் வளைந்திருப்பதால் ஒன்றில் பட்ட ஒளி பக்கத்துச் செதிலிலும் பட்டுத் திரும்புகிறது. இரண்டு தெறிப்பும் கலந்துதான் கண்ணுக்குத் தெரியும் நிறம். அந்த ஒளியில் போலரைசேஷனுக்கும் பங்குண்டு என்பதால் குறுக்குப் போலரைசர் போட்டால் நிறமே வேறாகிவிடும்.

நம் பக்கத்தில், தேயிலைத் தோட்டங்களில் வரும் எடெரூசியா ஈடியாவின் நீலப்பச்சைப் பளபளப்பும், காய்கறித் தோட்டத்து தைசனோபிளூசியா ஓரிகால்சியாவின் முன்னிறகிலுள்ள தங்கத் தகடும் எடுக்கச் சிரமமானவை. இரண்டாவதை நேர் மேலிருந்து மென்மையான ஒளியில் எடுத்தால் தகடு வெறும் காவித் திட்டாக வரும். டிஃப்யூசரை மெல்ல ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். ஒரு கோணத்தில் திடீரென்று பற்றிக்கொள்ளும். இப்படிப்பட்ட பூச்சிகளுக்குக் குறைந்தது மூன்று படங்கள்: ஒளி மேலிருந்து, இடமிருந்து, வலமிருந்து. ஒரே படத்தை வைத்து “இதுதான் இதன் நிறம்” என்று எழுதுவது தவறு.

யூடோசிமாவின் ஆரஞ்சு தட்டையாக, விவரமே இல்லாமல் வருகிறது.

சிவப்புச் சேனல் நிரம்பி வழிந்துவிட்டது. சாதாரண ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) அது தெரியாது. சேனல்களைத் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். சிவப்பு வலது சுவரில் முட்டினால் ஃபிளாஷை அரை முதல் ஒரு ஸ்டாப் குறையுங்கள். ரா கோப்பில் (கேமரா பதிந்த மூலத் தரவு) சரியாக இருந்தும் திரையில் தட்டையாகத் தெரிந்தால், ஆரஞ்சு எஸ்ஆர்ஜிபி (சாதாரணத் திரைகள் காட்டும் நிற வரம்பு) எல்லைக்கு வெளியே நிற்கிறது. மொத்தப் படத்தையும் அல்ல, ஆரஞ்சின் செறிவை மட்டும் சற்றுக் குறைத்தால் நரம்புக் கோடுகள் திரும்ப வரும்.

உயிருள்ள பூச்சியில் ஃபோகஸ் ஸ்டாக்கிங் முடியுமா?

ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக இணைப்பதுதான் இது. விடியற்காலையில் முடியும். மலையில் ஐந்து, ஐந்தரை மணிக்குக் குளிரில் பூச்சிகள் அசையாமல் இருக்கும். இறகு நடுங்கத் தொடங்கினால் பறப்பதற்காக உடம்பைச் சூடாக்குகிறது என்று பொருள், விட்டுவிடுங்கள். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் கூர்மை ஆழத்தோடு கால்வாசியாவது ஒன்றன்மேல் ஒன்று படியட்டும்: 1:1, எஃப்/8 என்றால் படத்துக்குப் படம் 0.4 மி.மீ. நகர்த்துங்கள். முகத்துக்கும் உணர்கொம்புக்கும் 10 முதல் 15 படங்கள்.

இணைக்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். சீரீன் ஸ்டாக்கர் என்ற இணைப்பு மென்பொருளில் பிமேக்ஸ் முறை மயிர்களையும் உணர்கொம்பையும் அழகாகப் பிரிக்கும், ஆனால் மாறுபாட்டைக் கூட்டி நிறத்தை நகர்த்தும். டிமேப் முறை நிறத்தைக் காக்கும், மயிரோரங்களில் ஒளிவட்டம் விடும். ஹெலிகான் மென்பொருளில் சி முறை பிமேக்ஸ் போன்றது. பி முறை டிமேப் போன்றது. இறகுக்கு டிமேப், உணர்கொம்புக்கு மட்டும் பிமேக்ஸிலிருந்து ரீடச். வேலை கூடுதல்தான், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

போனில் எடுக்கிறேன். நிறம் சரியாக வருமா?

புரோ மோட், ரா கோப்பு, ஒயிட் பேலன்ஸ் 5000 கெல்வினில் பூட்டிவிடுங்கள். ஒளிக்கு, நிற நம்பகத்தன்மை எண் (சிஆர்ஐ) 95-க்கு மேலுள்ள சிறு எல்ஈடி பேனலை வாங்குங்கள். சாதாரண டார்ச்சில் நீலப்பச்சைப் பகுதி பள்ளமாகவும் அடர்சிவப்பு மெலிந்தும் இருக்கும். படத்தில் குறுக்குப் பட்டைகள் வந்தால் அது மின்விளக்கின் துடிப்பு; ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள்.

கம்ப்யூட்டரில் என்ன செய்யலாம், என்ன கூடாது?

முதலில் கேமரா புரொஃபைல் (நியூட்ரல் அல்லது நீங்கள் செய்தது, விவிட் வேண்டாம்), அடுத்து கார்டிலிருந்து ஒயிட் பேலன்ஸ், பிறகு வெளிச்சம். அத்தோடு நிறம் முடிந்தது. வைப்ரன்ஸ், டீஹேஸ், கிளாரிட்டி மூன்றும் பழுப்பைக் கெடுக்கும். நிற இரைச்சலைக் குறைக்கும் ஸ்லைடரை 10, 15-க்கு மேல் தள்ளாதீர்கள். மஞ்சள் செதிலையும் கறுப்புச் செதிலையும் அது ஒன்றாகக் குழைத்துவிடும். இணையத்தில் போடும்போது எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, புரொஃபைலைக் கோப்போடு சேர்த்து ஏற்றுமதி செய்யுங்கள். அடோபி ஆர்ஜிபி கோப்பைப் புரொஃபைல் இல்லாமல் ஏற்றினால் வெளிறித் தெரியும்.

பூச்சிக்கும் நமக்கும் என்ன பாதுகாப்பு?

காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் வனத்துறை அனுமதியில்லாமல் விளக்கு வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்து அசையாமல் ஆக்குவது வேண்டாம். இறகு மடங்கும், பனித்துளி படியும், பூச்சியும் நலியும். விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விளக்கை அணைத்துத் துணியை மெதுவாக உதறி, பூச்சிகளைப் புதரில் விடுங்கள். இல்லையென்றால் கொண்டைக்குருவியும் கரிச்சானும் துணியையே பந்திப்பாயாக்கிவிடும். மெர்குரி பல்பில் மழைத்துளி பட்டால் வெடிக்கும். வெளிக்கூடு உடைந்த பல்பு தொடர்ந்து எரிந்தால் கண்ணையும் தோலையும் சுடும் யூவி வெளியே வரும், உடனே அணைக்க வேண்டும். துணியருகே வெகுநேரம் நிற்பவர்கள் முகக்கவசம் அணியுங்கள். உதிரும் செதில்கள் மூச்சுக்குழலை உறுத்தும்.

முன்பு மெர்குரி விளக்கொளியில் எடுத்த படங்களை என்ன செய்வது?

வடிவமும் கோடுகளும் அடையாளம் காணப் பயன்படும், அழிக்காதீர்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றி வையுங்கள், அல்லது “விளக்கொளி, நிறம் நம்பத்தக்கதல்ல” என்று கோப்புக் குறிப்பில் எழுதுங்கள். கண்மதிப்பில் ஆரஞ்சு ஏற்றிப் பதிவேற்றினால், அதைப் பார்த்து இன்னொருவர் தன் சரியான படத்தைத் தவறாகத் திருத்திவிடுவார்.